குமுளி இறக்கத்தில் அணைத்த வண்டி

மலையிறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த இயந்திரத்தை அணைக்கும் என் பள்ளத்தாக்குத் தோழர்களே, உங்கள் சிக்கனத்தின் மீது குற்றம் சாட்டுகிறேன்.

இன்று என் தங்கை கணவரின் வண்டியில் பின்னால் அமர்ந்து குமுளியிலிருந்து கூடலூருக்கு இறங்கினேன். முதல் வளைவிலேயே அவர் கியரை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

“ஏன் மாப்ள அணைச்சீக?”

“எறக்கந்தான மச்சான். வண்டி தானாப் போகும்.”

சில வளைவுகளில் கருகல் வாடை எழுந்தது. பிறகு, மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. எதிரே ஜீப்; பக்கத்தில் பள்ளம். மேடையில் முழங்கும் நான் அவர் தோளைப் பற்றினேன்.

“மச்சான், கெட்டியாப் புடிச்சுக்கங்க” என்று அவர் கியரைப் போட்டார். வண்டி உதறியபடி வேகம் தணிந்து பாறையோரம் நின்றது.

“செத்த நேரம் பிரேக்கு ஆறட்டும். மிச்ச எறக்கத்தையும் அணைச்சே எறங்கிருவோம்” என்றார்.

நான் நடந்தே இறங்கினேன். நாளை அவர் பின்னால் அமரப்போகிறவள் என் தங்கை.

இறக்கத்தில் இயந்திரம் ஓடட்டும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். இன்றே பிரேக் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். மறுப்போர் தாராளமாக மறுமொழி எழுதலாம்; மலையிறங்கி முடித்தபின் எழுதுங்கள்.