மாமா என்று கூப்பிட்ட மகள்

இன்னைக்குக் கடம்பூர் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்தவர் தன் சின்ன மகளை மடியில் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடிக்கொண்டே வந்தார். பிள்ளை சிரித்த சிரிப்புக்குக் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

எண்பதுகளில் நான் கோவில்பட்டியிலிருந்து வடக்கே லாரியில் தீப்பெட்டி லோடு அடித்தவன். ஒரு தடவை, ஒரு மாசம் கழித்து வீட்டுக்கு வந்ததும், ஆசையாக என் மகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன்.

வீல் என்று கத்தினாள்.

"எம்மா, இந்த மாமாவப் போகச் சொல்லு!"

"ஏட்டி, அது ஒங்கப்பாடி," என்றாள் என் மனைவி. பிள்ளை நம்பவில்லை.

நான் தரையில் கையையும் முட்டியையும் ஊன்றிக் குதிரை மாதிரி நின்றேன். முட்டி வலித்தும் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது சின்னக் கால் ஒன்று முதுகில் ஏறியது.

"போ மாமா!"

வீடு முழுக்கச் சுற்றினேன்.

மறுநாள் விடியுமுன்னே அடுத்த லோடு. திரும்பி வந்தால், மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

எனக்கு உள்ளூர் லோடு கிடைத்தபோது, முதுகில் ஏறுகிற வயசை அவள் தாண்டிவிட்டாள்.

லாரி ஓட்டுன அண்ணாச்சிமாரே, ஒங்க பிள்ளைக ஒங்கள என்ன மொற சொல்லிக் கூப்பிட்டாவ? எழுதுங்க. வீட்ல நான் மட்டுந்தான் இருக்கேன், எல்லாத்தையும் வாசிப்பேன்.