இரண்டு கன்னங்களுக்கு ஒரு ரைபிள்

சேலத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்து விற்கும் பரக்கத் அலியைச் சிறந்த துப்பாக்கிச் சுடுநர் என்று சொல்ல முடியாது. மாவட்டப் போட்டிகளில் இரண்டு வெண்கலம் வாங்கியிருக்கிறார். மாநிலப் போட்டிக்கு ஒருமுறை போய்விட்டு, மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். எங்கள் ரைபிள் கிளப்பில் அவர் பேச்சு வந்தால் பதக்கத்தை யாரும் நினைப்பதில்லை. அந்தப் பெட்டியைத்தான் நினைப்போம்.

பெட்டிக்குள் இருப்பது பழைய ஜெர்மன் ஏர் ரைபிள். பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் காகித அட்டையைச் சுடுவதற்கென்றே செய்தது. அதற்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் அலி. மற்றவர் நாமக்கல் பக்கம் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குமாரசாமி. இருவரும் முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு கிளப்பில் சேர்ந்தவர்கள். புதிதாக வருபவர்களுக்கென்று கிளப் வைத்திருந்த தேய்ந்த ரைபிளுக்காக ஒரே வரிசையில் காத்து நின்றதில் பழக்கமானார்கள். காத்திருப்பது அலுத்துப்போனபோது, கோவையில் ஒருவர் புதியது வாங்கியதால் பழையதை விற்கிறார் என்று தெரியவந்தது. தனியாக வாங்க இருவராலும் முடியவில்லை. சேர்ந்து வாங்கினார்கள்.

கோவையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது நீளமான பெட்டியை இருவர் மடியிலும் குறுக்கே வைத்திருந்தார்கள். கண்டக்டர் வீணையா என்று கேட்டார். அலி ஆமாம் என்றார். பவானி தாண்டுவதற்குள் கண்டக்டர் மூன்று தடவை வந்து, ஒரு பாட்டாவது வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். குமாரசாமிதான் விரலில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க வைத்தார்.

ஒப்பந்தமும் அதே பஸ்ஸில்தான் முடிவானது. ஆளுக்கு ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கை மாற்றுவது. கிளப் இல்லாத வாரம் இருவருக்கும் பாதி வழியான அண்டகளூர் கேட்டில், டீக்கடையில். கடைசி விதியை அலி சேர்த்தார். யார் முதலில் சுடுவதை நிறுத்துகிறாரோ அவர் ரைபிளை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும், விலை பேசக் கூடாது. சுடாதவன் வீட்டில் ரைபிள் கிடந்தால் அது வெறும் இரும்பு என்பது அவர் கருத்து. முப்பத்தைந்து வயதில் இப்படி விதி போடுவது எளிது.

ரைபிளின் பின்பக்கம் இருக்கும் சைட்டின் சின்னத் துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். அதற்குக் கன்னத்தைக் கட்டையில் சாய்க்க வேண்டும். குமாரசாமி தூக்கம் வந்தவர் தலையணையில் சாய்வதுபோல அழுத்திச் சாய்வார். அலியின் கன்னம் கட்டையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். கண் இருக்கும் இடம் மாறுவதால் ஒருவருக்கு அட்டையின் நடுப்புள்ளியான பத்தில் விழும் குண்டு மற்றவருக்கு விலகி விழும். அதைச் சரிசெய்ய சைட்டின் ஓரத்தில் நாப் என்கிற சின்னக் குமிழ் உண்டு. அதைத் திருகினால் கிளிக் கிளிக்கென்று சத்தத்தோடு நகரும். எந்தப் பக்கம் திருகினால் எந்தப் பக்கம் போகும் என்று காட்ட, அதன்மேல் அரிசியில் பாதி அளவுக்கு ஓர் அம்பு. அலியின் கன்னத்துக்கும் குமாரசாமியின் கன்னத்துக்கும் நடுவே ஏழு கிளிக். அலியிடமிருந்து குமாரசாமிக்குப் போக வலது பக்கம் ஏழு. திரும்பி வர இடது பக்கம் ஏழு. மூச்சு தப்பினால் குண்டு மேலோ கீழோ போகும்; அதற்கு இந்த நாப் உதவாது.

முதல் மாதங்களில் இதில் சண்டை வந்தது. பெட்டியைத் திறந்தால் அடுத்தவர் அமைப்பு இருக்கும். மறந்துபோய்ச் சுட்டால் ஓர் அட்டை வீணாகும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரசாமி நாப்பைத் திருகப் போனபோது அது ஏற்கெனவே அவருடைய இடத்தில் நின்றிருந்தது. அலி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் குமாரசாமி பெட்டியை மூடுமுன் ஏழு கிளிக் இடது பக்கம் திருகி வைத்தார். அதிலிருந்து இருபது வருடத்துக்கு மேலாக, இருவரில் யார் பெட்டியைத் திறந்தாலும் ரைபிள் அவருக்காகவே செய்ததுபோலத் தயாராக இருந்தது. ஒரு பொருளைப் பங்கிட்டால் ஆளுக்குப் பாதிதான் கிடைக்கும் என்ற கணக்கு இந்த ஓர் இடத்தில் பொய்த்தது.

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தார்ப்பாயின் மெழுகு வாசனை. சுடும்போது முதுகு ஆடாமலிருக்க விறைப்பான ஜாக்கெட் வேண்டும். வெளிநாட்டு ஜாக்கெட்டுக்கு எங்களுக்கு வழியில்லை. அலி லாரித் தார்ப்பாயில் தனக்கொன்றும் குமாரசாமிக்கொன்றும் தைத்தார். லோடு ஏற்றிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேலி செய்தோம். அந்த வருட முடிவில் நாங்கள் எல்லோருமே அதைத்தான் போட்டிருந்தோம். மழை நாளில் கிளப்பின் தகரக் கூரைக்குக் கீழே நாலைந்து தார்ப்பாய்கள் வரிசையாக நின்று, ஒரு சொல்லும் பேசாமல் சுடும்.

ரைபிளுக்கும் ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். புது ஸ்பிரிங், புது வாஷர், ஏற்றி இறக்கக்கூடிய கன்னக்கட்டை. ஈயக் குண்டுகளைத் தேர்ந்தெடுப்பது அலியின் வேலை. டப்பாவைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி ஒவ்வொன்றாக உருட்டுவார். நேராக ஓடாமல் நொண்டுவதைப் பயிற்சிக்கு ஒதுக்குவார். இதனால் எத்தனை பாயிண்ட் கூடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூடியிருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சென்ற வருடம் அலி முழங்கால் வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். கிளப்புக்கு வருவார், நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சுடமாட்டார். வீட்டில் பயிற்சி நடக்கிறது என்பார். மகன் முபஷிர் காரில் கொண்டுவந்து விடுவான். அறுபதை நெருங்குபவருக்கு முழங்கால் வலிப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பெட்டியும் தவறாமல் கை மாறியது. மூத்தோர் பிரிவு மாவட்டப் போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒரே ரைபிள் என்பதால் வழக்கம்போல முதல் சுற்று குமாரசாமிக்கு, இரண்டாம் சுற்று அலிக்கு.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு குமாரசாமி கிளப்பில் பெட்டியைத் திறந்து, சைட்டைப் பார்க்காமலேயே சுட்டார். பார்க்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கயிற்றில் இழுத்த அட்டையில் குண்டு இடது பக்கம் எட்டில் இருந்தது. இன்னொன்று சுட்டார். அதுவும் அங்கேயே.

பக்கத்து வரிசையில் பூபதி இருந்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன். அவனுடைய புது ரைபிளில் திருகக்கூடிய உறுப்புகள் அவனுக்கே தெரியாத இடங்களிலெல்லாம் உண்டு.

“ஏனுங்ணா, அதை இன்னுமா கட்டிட்டு அழுவறீங்க? பண்ணையில காக்கா வெரட்ட வெச்சுக்கிட்டு புதுசு ஒண்ணு எடுங்க.”

குமாரசாமி நாப்பை வலது பக்கம் ஏழு கிளிக் திருகிச் சுட்டார். ஒன்பதில் விழுந்தது, இன்னும் இடது. மேலும் ஏழு திருகினார். பத்து.

அலி திருக மறந்திருந்தால் ஏழுதான் விலகியிருக்கும். பதினாலு விலக ஒரே வழிதான் உண்டு: வலது பக்கம் திருக வேண்டியதை இடது பக்கம் திருகியிருக்கிறார். அந்த நாப்பில் அலியின் கை தவறும் என்றால், அவரால் அம்பைப் பார்க்க முடியவில்லை. பல வருடம் செய்த வேலையைக் கை தானாகச் செய்யும் என்று நாம் நம்புகிறோம். அலியும் நம்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் கை ஒவ்வொரு முறையும் கண்ணைக் கேட்டுத்தான் திருகியிருக்கிறது.

குமாரசாமி நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அலி கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு நாளும் கேட்காமல் இருந்ததில்லை.

அன்று மாலை சேலத்துக்கு போன் போட்டபோது அலியின் மனைவி ஷரீஃபுன்னிசா எடுத்தார். சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது என்றும், நேரே பார்க்கும் இடம் மங்கிவிட்டது, ஓரம்தான் தெரிகிறது என்றும் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாதென்று உத்தரவாம், முக்கியமாகக் குமாரசாமியிடம். சொன்னால் பெட்டி வீட்டை விட்டுப் போய்விடும். பஸ்ஸில் போட்ட விதிக்கு அவரே வசமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

குமாரசாமிக்கு முன்னால் இருந்த வழிகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தெரியும் என்று சொன்னால் அலி அன்றைக்கே பெட்டியை நீட்டிவிடுவார். தெரியாததுபோல் இருந்தால், போட்டியில் எல்லோர் முன்பும் நின்று அட்டையே தெரியாமல் சுடுவார். மறுநாள் ரைபிளோடு பூபதியின் பட்டறைக்குப் போய், நாப்பின் விளிம்பில், வலது பக்கம் திருகும்போது பெருவிரல் படும் இடத்தில், அரத்தால் ஒரு வெட்டு போடச் சொன்னார். பூபதிக்கு மனசு வரவில்லை. இதை வெட்டினால் நாளைக்கு எவனும் வாங்கமாட்டான் என்றான். விற்கிற உத்தேசம் இல்லை என்று சொல்லி, அரத்தை வாங்கி அவரே வெட்டினார். வெட்டு அழகாக இல்லை.

அடுத்த ஞாயிறு அண்டகளூர் கேட் டீக்கடையில் பெட்டி கை மாறியது. முபஷிர் கார் பக்கம் போனதும் குமாரசாமி பெட்டியைத் திறந்தார்.

“நாப்புல ஒரு வேல பண்ணிருக்கேன். பாருங்க பாய்.”

அலி கையை விட்டுத் தடவினார். வெட்டில் பெருவிரல் நின்றது. அப்படியே வலது பக்கம் திருகினார். ஏழு கிளிக். திரும்ப ஏழு. டீ வந்தது, இருவரும் எடுக்கவில்லை.

“எட்டு விழுந்துச்சோ?” என்று அலி கேட்டார்.

“ரெண்டு எட்டுங்க. இடது பக்கம்.”

“பதினாலா.” அலி தலையை ஆட்டினார். “பண்ணக்காரரே, பேசுன பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல. இனிமே பெட்டி உங்க ஊட்டுல இருக்கட்டும்.”

“சுடறத நிறுத்தினவர்தானுங்க குடுக்கணும். நீங்க நிறுத்திட்டேன்னு எங்கிட்ட எப்பச் சொன்னீங்க?”

“இப்பச் சொல்றேன்.”

“கோழிச் சத்தத்துலயே இருந்து எனக்குக் காது மந்தமாயிப்போச்சு. ஒண்ணும் கேக்கலீங்க.”

நாமக்கல் போகும் முட்டை லாரி ஒன்று காலியாகத் தடதடத்துக்கொண்டு போனது. பிறகு அலி பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்தார்.

போட்டியிலிருந்து அலி தன் பெயரை எடுத்துவிட்டார். முழங்கால் என்றே சொல்லச் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டார்கள். குமாரசாமி சுட்டு நான்காவதாக வந்தார். அது அலியின் வாரம் என்பதால் பெட்டியை மூடுமுன் ஏழு கிளிக் இடது பக்கம் திருகினார். பார்த்துக்கொண்டிருந்த பூபதி, யாருக்காக என்று கேட்கவில்லை. அவனைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

அந்த வாரம் பெட்டி சேலத்தில் இருந்தது. அலி அதில் என்ன செய்கிறார் என்று ஷரீஃபுன்னிசா குமாரசாமியிடம் சொல்லியிருக்கிறார். மதியம் கடையிலிருந்து வந்ததும் திறந்து துடைக்கிறார். குண்டுகளைக் கண்ணாடியில் உருட்டி, ஓடும் சத்தத்தைக் கேட்டே பிரிக்கிறார். சில சமயம் தார்ப்பாய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, குண்டு போடாத ரைபிளைச் சுவரைப் பார்த்து ஏந்தி, கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்து நிற்கிறார். சனிக்கிழமை இரவு நாப்பைத் திருகுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. அலி நாற்காலியில் உட்கார்ந்தார். சரிபார்த்துக்கொள்ள ஒரு சோதனைக் குண்டு சுட்டுக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னோம். குமாரசாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைட்டைத் தொடாமல், எடுத்த எடுப்பில் எண்ணிக்கைக்குள் வரும் அட்டையையே சுட்டார்.

“என்னங்க விழுந்துச்சு?” என்று அலி கேட்டார்.

குமாரசாமி கயிற்றை இழுத்து அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்பது. பத்துக்கு நேர் மேலே. இடமும் இல்லை, வலமும் இல்லை.

“ஒம்போதுங்க பாய். மேல போயிருச்சு.”

“அது உங்க மூச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?” என்றார் அலி.