ஏழரை ரூபாய் டிக்கெட்

எங்கள் ஊரில் சினிமாவுக்குப் போய்வந்தவர்களிடம் டிக்கெட் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. "மொத்தமா எவ்ளோ ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். செய்யூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் எங்களுடையது. செங்கல்பட்டுக்குப் போய்ப் புதுப்படம் பார்க்க இரண்டு பஸ் ஏற வேண்டும். அங்கே போனால் டிக்கெட்டுக்கு ஒரு விலை, முதல் வாரம் என்பதற்காக இன்னொரு விலை, மடியில் உட்காரும் குழந்தைக்கும் ஒரு டிக்கெட், இடைவேளையில் வெளியே விற்பதைப்போல இரண்டு மடங்கு விலைக்கு ஒரு முறுக்கு. படம் முடிவதற்குள் பணம் எந்த வழியாகப் போனதென்றே தெரியாது. ஆகவே வருடத்துக்கு ஒரு படம் என்பதே எங்கள் வீட்டில் ஆடம்பரம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அந்த ஒரு படம் மாமாவின் செலவு. அம்மாவின் தம்பி. கல்பாக்கத்தில் ஒரு காண்டிராக்டரிடம் வெல்டராகச் சேர்ந்து, முதல் தீபாவளி போனஸ் கையில் வாங்கியிருந்தார். அக்காவையும் அக்கா பிள்ளைகளையும் தன் காசில் படத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. அதற்காகவே புதுச் சட்டை வாங்கியிருந்தார். அப்பாவுக்குக் கொல்லையில் வேலை இருந்தது. அம்மா, மாமா, நான், நாலு வயதுத் தம்பி, இவ்வளவு பேரும் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மாலை நேரத்தில் பெண்களுக்கு வகுப்பு நடந்தது. முப்பது வயதில், என் பழைய சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். படிக்க வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். தீப்பெட்டி, சோப்பு உறை, போண்டா கட்டிவந்த காகிதம் எதையும் விடுவதில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் செய்தாள். அன்றைக்கு பஸ்ஸில் 'மகளிர்' என்று எழுதிய இருக்கையில் மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா அந்த எழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, "நீங்க மகளிரா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். அவர் எழுந்துவிட்டார்.

தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். ஆண்கள் வரிசை சாலைவரை வந்திருந்தது. பெண்கள் வரிசை குட்டை. மாமா நூறு ரூபாய் நோட்டு ஒன்றை அம்மாவிடம் கொடுத்து எங்களைப் பெண்கள் வரிசையில் நிறுத்திவிட்டு, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். ஜன்னலுக்குள் நோட்டைப் பிடுங்கிக்கொண்ட கை நாலு டிக்கெட்டையும் இரண்டு பத்து ரூபாயையும் தள்ளியது. அம்மா நகரவில்லை. டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"ஏழு ரூவா அம்பது காசுன்னு போட்டுகீது. மீதி?"

"மொத வாரம்மா. இருவது ரூவா. நவுரு, நவுரு."

"இருவதுன்னு இதுல எங்க போட்டுகீது?"

உள்ளிருந்தவர் குனிந்து அவளைப் பார்த்தார். "இன்னாமா நீ, படம் பாக்க வந்தியா, படிக்க வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்" என்றாள் அம்மா.

மாமா ஓடிவந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "யக்கா, இன்னா இது? நான்தானே குடுக்கறேன்? மானம் போவுது, வா." அம்மா வரவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், பெயின்ட் உரிந்துபோன ஓர் அறிவிப்பு இருந்தது. அவள் கண் அதில் போய் நின்றது. எனக்குத் தெரியும், இனி அவள் அதைப் படிப்பாள். சத்தமாகப் படிப்பாள். அம்மாவுக்கு மனசுக்குள் படிக்க வராது.

"அ... னு... ம..."

உள்ளே மணி அடித்தது. படம் போடப்போகிறார்கள். ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன், "அண்ணாத்த, இங்க ஒண்ணாங்கிளாஸ் நடந்துகினு கீது!" என்றான். சிரிப்பு அலைபோல எழுந்தது. அம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். "அனு... மதி..." அதற்குமேல் போகவில்லை. புள்ளி வைத்த எழுத்துகள் அவளுக்கு எப்போதும் தகராறு. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, இது இன்னா சொல்லு?"

அந்த வரி முழுவதையும் நான் ஒரே பார்வையில் படித்து முடித்திருந்தேன். அனுமதிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் வசூலித்தால் மேலாளரிடம் தெரிவிக்கவும். ஒரே ஒரு சொல்தான் கேட்டாள். இத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் நானும் அவளோடு சேர்ந்தவள் என்று காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். விரலை எட்டி ஒவ்வொரு எழுத்தாக வைத்தாள். "மதிக்... கப்... பட்... ட. அனுமதிக்கப்பட்ட!" அப்புறம் கட்டணம் வந்தது, மேல் வந்தது, வசூலித்தால் வந்தது. 'மேலாளரிடம்' என்பதைப் படித்து முடித்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது. சிரிப்பு எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் நின்ற, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண், "அதானே! எழுதித்தானே வச்சிகீறாங்க?" என்றாள், அந்தச் சுவரை அன்றுதான் பார்ப்பவள்போல.

வரிசை நகராததைப் பார்த்து மேலாளர் வந்தார். சத்தம் போடவில்லை. படம் தொடங்கிவிட்ட அவசரத்தில், "அந்தம்மாக்கு மட்டும் மீதியக் குட்த்து அனுப்புப்பா" என்றார். ஐம்பது ரூபாய் வெளியே வந்தது. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, அங்கேயே நின்றாள்.

"இவங்களுக்கு?"

"அவங்க யாரும் கேக்கலியேம்மா."

"நாங்களும்தான் கேக்கறோம்" என்றாள் இடுப்புக் குழந்தைக்காரி. பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், ஜன்னல்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஒரு காட்சிக்கு, பெண்கள் வரிசையில் மட்டும், டிக்கெட் ஏழரை ரூபாய்க்கு விற்றது. ஒண்ணாங்கிளாஸ் என்று கத்தியவன் தன் மனைவியைத் தேடிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன்.

மாமா எங்களோடு பேசாமல் முன்னால் நடந்தார். உள்ளே நுழைகிற இடத்தில், வெளித் தின்பண்டம் கூடாதென்று சொல்லி, வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுவந்த வேர்க்கடலைப் பையை ஒருவர் வாங்கிவைத்துக்கொண்டார். அடுத்த சண்டை வந்துவிட்டது என்று மாமா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அம்மா சுற்றிச் சுவரைப் பார்த்தாள். அதுவும் எழுதியிருந்தது. முழுக்கப் படித்துவிட்டு, "ஆமா, போட்டுகீது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதோடு கோபமும் போயிற்று. இடைவேளையில் அவரே அந்த ஐம்பது ரூபாயிலிருந்து எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். கதாநாயகன் எதற்காக ஜெயிலுக்குப் போனான் என்பது மட்டும் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பகுதி ஓடியபோது நாங்கள் வெளியே படித்துக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் போனவர்களிடம் பழையபடி இருபது ரூபாய்தான் வாங்கினார்களாம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு பெண்கள், "ஏழரைன்னு போட்டுகீதே" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்களாம். அம்மா அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. மதுராந்தகம் தாண்டியதும் அம்மா மெதுவாகக் கேட்டாள். "பாப்பா, அந்த வார்த்த உனக்கு வரலியா?"

"தெரியலம்மா" என்றேன்.

"அது பெரிய வார்த்த. ஆறாங்கிளாஸ் போனா வந்துரும்." என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டினாள். "அனுமதிக்கப்பட்டன்னா, இவ்ளோதான் வாங்கணும்னு சொல்லி வச்சிருக்கறது. எங்க, நீ சொல்லு."

சொன்னேன். வேண்டுமென்றே நடுவில் ஓரிடத்தில் தடுமாறியும் காட்டினேன். அவள் தலையசைத்து, "அவ்ளோதான்" என்றாள். நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குச் சில மாதம் முன்புதான், பள்ளி ஆண்டு விழாவில், செய்தித்தாளை நிறுத்தாமல் படித்ததற்காக எனக்கு முதல் பரிசு கொடுத்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கடைசியாகக் கைதட்டலை நிறுத்தியவள் அவள். அப்படிப்பட்டவள் என் பதிலை நம்பியிருப்பாளா என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு வந்திருக்கவில்லை.