பாட்டில்காரியின் வீட்டுக்காரர் படம்

என் அத்தைக்குத் தெருவில் பாட்டில்காரி என்று பெயர். காலி மதுபாட்டில் கழுவும் கொட்டகையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். லாரியில் மூட்டை வந்து இறங்கும். ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து அடியில் கிடக்கும் மிச்சத்தை வாளியில் வடிக்க வேண்டும். பிறகு சோடாக் காரம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ் விட்டுக் குடைய வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு. பிரஷ்ஷை உருவும்போதெல்லாம் எவனோ மிச்சம் வைத்தது கையிலும் மடியிலும் தலையிலும் தெறிக்கும். அந்த வாடைக்கு எந்தச் சோப்பும் சரிப்படாது. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். "நமக்கு ரிசர்வேஷன்டா" என்பாள்.

மாமாவும் அதே கொட்டகை. டீயைத் தாண்டி எதையும் குடித்தறியாத மனுஷன். ஒரு நாள் ஈரத் தரையில் வழுக்கி, பாட்டில் அடுக்கும் கிரேட்டின் இரும்பு முனையில் பின்மண்டை அடிபட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் சட்டையை மோந்து பார்த்துவிட்டுச் சீட்டில் 'மது வாடை' என்று எழுதினார். மத்தியானம் உயிர் போனது. சாயங்காலத்துக்குள் பேரும் போயிற்று.

அது தேர்தல் நேரம். மதுவை ஒழிக்க ஒரு கமிட்டி கிளம்பியிருந்தது. அதன் தலைவர் முன்பு பதவியில் இருந்தபோது ஆறு சாராயக் கடைக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். இப்போது பெண்கள் ஓட்டு வேண்டியிருந்தது, ஒழிக்கக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது வாரம் சுவரெல்லாம் மாமா படம். கீழே கொட்டை எழுத்தில், 'இவரைக் குடித்தது குடி!' ஆபீஸில் மாட்டி வைக்கிறேன் என்று கொட்டகை முதலாளி வாங்கிப்போன கல்யாணப் போட்டோ அது. வெட்டியவனுக்குக் கை கோணல் போல, ஓரத்தில் அத்தையின் தோள் தெரிந்தது. போஸ்டர் செலவும் முதலாளியுடையதுதான். குடித்து விழுந்தவன் என்று ஆகிவிட்டால், தரை ஏன் ஈரமாக இருந்தது என்று எவன் கேட்பான்?

அத்தையின் மகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஏழு சுவர். அவள் ஊரைச் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

அத்தை வேலை முடிந்த கையோடு கமிட்டி ஆபீஸுக்குப் போனாள். அதுதான் தப்பு. செயலாளராக இருந்த ரிட்டயர்ட் டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா, புருஷன் போய் ஒரு மாசம் ஆகலை, நீயும் ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

"அவரு குடிக்க மாட்டாரு டீச்சர். படத்தை எடுத்துடுங்க."

"வாடையோட நின்னுக்கிட்டுப் பேசுறதைப் பாரு!"

தலைவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "விடுங்க டீச்சர். தங்கச்சி, ஞாயித்துக்கிழமை மேடைக்கு வா. நாலு வார்த்தை சொல்லி அழுதுட்டுப் போ."

"அவரு குடிச்சாருன்னு சொல்லியா?"

"சீட்டே சொல்லுதேம்மா, சட்டையில வாடைன்னு."

அத்தை தலைவரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். "சரிண்ணே, வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு ஒரு வாளி, ஒரு பிரஷ், சாக்கில் கழுவாத பன்னிரண்டு பாட்டிலோடு போனாள். "முதல்ல எங்க வேலை என்னன்னு ஜனங்க பாக்கட்டும். நீங்களே கழுவிக் காட்டுங்கண்ணே" என்றாள். கீழே நாலைந்து கேமரா. தலைவர் சிரித்தபடி கையை மடித்துவிட்டுக்கொண்டார். நாலாவது பாட்டிலில் மூஞ்சியில் தெறித்தது. பன்னிரண்டு முடிவதற்குள் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்புக் கறை.

அத்தை மைக்கைப் பிடித்தாள். "டீச்சர், அண்ணனைக் கொஞ்சம் மோந்து பாருங்க. சீட்டுல என்ன எழுதலாம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"ஏய்! நான் குடிக்கலை! இது பாட்டில்லேர்ந்து தெறிச்சது!"

"அதேதாண்ணே. இன்னொரு தடவை சொல்லுங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

மறுநாள் காலை கமிட்டி ஆட்களே வந்து போஸ்டரைக் கிழித்தார்கள். அதனால் தலைவர் ஒன்றும் தோற்றுவிடவில்லை. ஜெயித்தார், மதுவிலக்கு வந்தது, கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. முதலாளி அதே கிரேட்டில் தண்ணீர் பாட்டில் அடுக்கி விற்கிறார். அத்தைக்கு வேலை இல்லை. டாக்டர் சீட்டு இன்றுவரை மாறவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு இதை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது. தலைவர் இன்னும் பதவியில் இருக்கிறார், அத்தை இன்னும் அவர் தொகுதியில் இருக்கிறாள்.

அன்றைக்குப் போஸ்டரைக் கிழித்தவர்கள் அரைகுறையாகக் கிழித்திருந்தார்கள். ஏழாவது சுவரில் மாமாவின் ஒரு காதும் அத்தையின் தோளும் மிச்சம், கீழே 'குடி!' அத்தை பாட்டில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் அந்த எழுத்தை மட்டும் சுரண்டினாள்.

தெருவில் போன ஒருவன் நின்றான். "என்னக்கா, கட்சியில சேர்ந்தாச்சா?"

"ஆமாடா. சுரண்டுற கட்சி. உன் வீட்டுச் சுவர் எது?"

காதையும் தோளையும் அப்படியே விட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து மகள் அந்த வழியாகத்தான் போகிறாளாம்.