கடிக்காத ஈ

அந்த வருஷம் மழை விட்டதும், தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸ் லைன்களில் பெரிய ஈக்கள் பெருகிவிட்டன. இரண்டு ஜாதி. ஒன்று சாம்பல் நிறம், புளியங்கொட்டைப் பருமன். விறகு வண்டி மாடுகளைச் சுற்றும். அது கடித்தால் மாடு துள்ளும், ரத்தம் வடியும். மற்றது சற்றே சிறியது. முதுகு நீலமும் பச்சையுமாக மின்னும். வேலூர்ப் பக்கம் அப்பா வீட்டில் மாடுகள் இருந்ததால் எனக்கு இரண்டையும் தெரியும்.

அப்போது என் கணவர் காலில் காயத்தோடு வீட்டில் கிடந்தார். சுரங்கத்தில் கல் சரிந்து முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் தண்ணீருக்குப் போயிருந்தபோது, புழுக்கம் தாங்காமல் அவரே கட்டை அவிழ்த்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

குடத்தோடு உள்ளே நுழைந்தேன். காயத்தின் மேலிருந்து பெரிய ஈ ஒன்று எழுந்து பறந்தது. இருட்டு வீடு, எந்த ஈ என்று தெரியவில்லை. அவரை உலுக்கி எழுப்பினேன்.

"ஏங்க, ஈ கடிச்சுதா? சுருக்குனு இருந்துச்சா?"

"ஒண்ணும் கடிக்கல. இன்னாத்துக்கு இப்டி பதர்றே?"

கடித்தது என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது. சாம்பல் ஈ ரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். மற்றது கடிக்காது, புண்ணில் முட்டை வைக்கும். அப்பாவின் காளை ஒன்றுக்குக் கொம்படியில் புழு வைத்து, அது சுவரில் தலையை முட்டி முட்டியே செத்தது. அந்தச் சத்தம் காதில் கேட்டது.

அவர் காலை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தேன். காயத்தின் ஓரத்தில் வெள்ளை ரவை போல முட்டைகள் ஒட்டியிருந்தன.

"மஞ்சா வெச்சுக் கட்டு, போதும்" என்றார்.

"காலயே எடுத்துட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

அவர் முகம் வெளிறியது. "நேத்தும் கொஞ்ச நேரம் அவுத்து வெச்சிருந்தேன்" என்றார் மெதுவாக.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் அவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். முந்தானையால் காயத்தைப் பொத்தியபடி ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஓடினேன்.

கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். "புழு உள்ள பூந்துட்டு கீதும்மா."

கற்பூரத் தைலத்தை ஊற்றினார். என் கணவர் அலறினார். புழுக்கள் நெளிந்து மேலே வர, கம்பவுண்டர் இடுக்கியால் எடுத்தார். ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாதே என்று நான் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால் தப்பிக்குமா?"

"நாளைக்குப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

மறுநாளும் சொல்லவில்லை. தினமும் கட்டு மாற்றக் கூட்டிப்போனேன். அவர் தூங்கும் நேரமெல்லாம் விசிறியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கால் தப்பியது. நடை மட்டும் சாய்ந்துவிட்டது. மறுபடி அவர் ஷிப்டுக்குப் போன முதல் நாள், வீடு திரும்பும்வரை நான் அடுப்பு மூட்டவில்லை.