ராணியின் நாடி

நேற்றுக் காலை வார்டில் நர்சிங் மாணவி ஒருத்தி, நோயாளியின் விரலில் மாட்டியிருந்த நாடி மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மிஷின் ரிப்பேர் சிஸ்டர், நம்பர் குதிக்குது" என்றாள். கையிலிருந்த ட்ரேயைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் அந்தப் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒழுங்காகத்தான் அடித்தது. "இன்னாம்மா, நான் போய்ட்டனா?" என்று கேட்டார் அவர். வார்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், அவர் மணிக்கட்டை விடத்தான் நேரமாயிற்று.

தரையில் கொட்டிய ஸ்பிரிட் வாசனைக்கு எனக்குக் கத்திரிக்காய்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். நர்சிங் படிக்கும்போது கொரோனா வந்து விடுதியை மூடி, எங்களைச் சொந்த ஊரான கல்வராயன் மலைக்கே அனுப்பிவிட்டார்கள். ஊசி போடும் பாடத்தைப் போனில் பார்த்துவிட்டு, கத்திரிக்காயை ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்திப் பழகினேன். "கத்திரிக்காக்கு இன்னாடி ஜொரம்?" என்பாள் அம்மா. குழம்புக்கு ஆகாமல் போன கோபம் வேறு. அந்த லட்சணத்தில் நானும் நர்சு.

ஊருக்குள் சிக்னல் கிடையாது. வெள்ளிமலை ரோட்டுக்கு மேலே ஒரு பாறையில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அடுத்த வீட்டு ராணியும் நானும் குடையோடு ஏறுவோம். ஒரே வகுப்பு, ஆனால் அவள் என்னைவிட நன்றாகப் படிப்பவள். ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "உக்காந்து உக்காந்து ஒடம்பு வெச்சிடுச்சு உனக்கு" என்று கேலி செய்வேன். "நீ போய்க்கினு இரு, வரேன்" என்பாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆன்லைன் வகுப்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கல்லூரியிலிருந்து கருத்துக் கேட்டார்கள். சிக்னல் போவதற்குள் முதலில் கண்ணில் பட்ட 'மிகவும் திருப்தி'யைத் தொட்டுவிட்டேன். ராணிக்கு ஆத்திரமாக வந்தது. "ஒருத்தரத் தொடாம இன்னாடி நர்சு படிப்பு?" என்றாள்.

பிறகு நாடி பார்க்கும் பாடம் வந்தது. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னார் மேடம். பாடத்துக்காக நான் தொட்ட முதல் மனிதக் கை ராணியுடையது. என் விரலுக்கடியில் நாடி ஓடியது, தடுமாறியது, ஒரு துடிப்பை விழுங்கியது, மறுபடி ஓடியது. 'சீரா இல்ல மேடம்' என்று தட்டினேன். அதற்குள் அவர் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது, குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. "நெட்வொர்க் பிரச்சனையா இருக்கும்மா, அப்புறம் பாத்துக்கலாம்."

நாடிக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்? இப்போது நினைத்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. அன்று எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. ராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்கு எண்ணத் தெரில, என் கை மேல பழி போடறியா?" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நாட்களில் எது தப்பாகப் போனாலும் ஒன்று நெட்வொர்க் காரணம், இல்லாவிட்டால் நாங்கள் காரணம்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள், பாறைக்கு ஏறும் வழியிலேயே ராணி சாய்ந்தாள். தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றினோம். கள்ளக்குறிச்சி வரும்வரை அவள் மணிக்கட்டை நான் விடவே இல்லை. நாடி எந்த வளைவில் நின்றது என்று எனக்குத் தெரியும். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்த டாக்டர், "சின்ன வயசுலேர்ந்தே இதய வால்வு கெட்டிருக்கணும். நாடியே காட்டிக் குடுத்திருக்குமே, யாரும் கையப் புடிச்சுப் பாக்கலியா?" என்றார்.

இப்போது ஊருக்குள்ளேயே டவர் வந்துவிட்டது. பாறைக்குப் போகும் வழியைப் புதர் மூடிவிட்டது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ராணியின் அம்மா என்னிடம் வந்தார். "வகுப்பெல்லாம் போன்ல புடிச்சு வெச்சிருக்கியாமே. அதுல அவ கொரலு இருக்கும் இல்ல? ஒரு வாட்டி போடு கண்ணு" என்றார்.

போட்டேன். மேடம் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ராணியின் அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மகளின் முறை வரட்டும் என்று காத்திருந்தார். வகுப்புக்குள் நுழைந்ததும் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்று அவரிடம் சொல்லாமல், அடுத்த வகுப்பைப் போட்டேன்.