பேங்க் காட்டிய மரியாதை

போன செவ்வாய்க்கிழமை என் பேங்க்கிடமிருந்து ஒரு மெயில். 'அன்பும் மதிப்பும் மிக்க வாடிக்கையாளரே...' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தது. உங்கள் பாதுகாப்பே எங்கள் கவலை, விவரங்களைச் சரிபார்க்காவிட்டால் இன்றே கணக்கு முடக்கப்படும், கீழே கிளிக் செய்யவும்.

உருகிவிட்டேன். இந்த ஊரில் என்னை இவ்வளவு மரியாதையாக யார் கூப்பிடுகிறார்கள்?

இத்தனைக்கும் போன மாதம்தான் இதே பக்கத்தில், லாட்டரி மெயில்களை நம்பாதீர்கள் என்று உங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். ஆனால் இது லாட்டரி இல்லையே... பேங்க் ஆயிற்றே!

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் பொறுப்பாக அடித்தேன். அடுத்து ஏடிஎம் பின் நம்பர் கேட்டது. அது எனக்குத் தெரியாது. கார்டும் நம்பரும் மனைவி செல்வியிடம். கணக்கில் இருப்பதும் அவள் பணம்தான் — காக்களூர் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்து, மாடியில் ஒரு ரூம் கட்டச் சேர்த்தது.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. வாசல் கேட்டுக்கு போன் போட்டு, "அவசரம்" என்று செக்யூரிட்டியை உள்ளே ஓட வைத்தேன். மூச்சு வாங்க வந்தாள்.

"இன்னாங்க ஆச்சு? யாருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல... பேங்க்ல மெயில் அனுப்பி பின் நம்பர் கேக்குறாங்க."

மெயிலை முழுக்கத் தமிழில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே.

"நம்ப பேங்க்கா? பாஸ்புக் என்ட்ரி போட அரை நாளு நிக்க வெச்சி, நிமுந்து கூட பாக்காம 'நாளைக்கு வா'ன்றவங்க... உங்கள அன்பு, மதிப்புன்னு கூப்புட்றாங்களா? எவனோ ஏமாத்திக்கினு கீறான். பேங்க்குக்கு ஓடுங்க மொதல்ல!"

ஓடினேன். அவள் கால் கடுக்க நின்று சேர்த்ததை ஒரு 'அன்புள்ள'வுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனோ?

கவுன்டரில் போய்க் கொட்டினேன். உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா சார், படிச்சவருதானே? யாருனா பாஸ்வேர்ட குடுப்பாங்களா? க்யூவுல நில்லுங்க."

அப்பாடா... இதுதான் என் பேங்க்!

அரை மணி நேரம் கழித்து என் நெட் பேங்கிங்கை முடக்கினார்கள். பணம் அப்படியே இருந்தது.

இப்போது வீட்டில் புதுச் சட்டம். என்னை மரியாதையாகக் கூப்பிடும் எந்த மெயிலையும் செல்வியிடம் காட்டிவிட்டுத்தான் பதில் போட வேண்டும். வாசகர் கடிதங்களும் இதில் சேர்த்தி.

ஆகவே நண்பர்களே, எனக்கு எழுதும்போது நாலு வார்த்தை திட்டியே எழுதுங்கள் — இல்லாவிட்டால் நிஜ வாசகர் என்று அவள் நம்பமாட்டாள்.